களம் கண்ட கொடிகள்

நுழையும்முன்

வீட்டுப் பெட்டியில் நெடுநாள் மடித்து வைத்த பட்டுப்புடைவையை விரித்தால், மடிப்புத் தடங்களில் இழை இற்று வருவதைக் காணலாம். அதே பட்டில் தைத்த கொடிகளை ஒரு காலத்தில் படைவீரர்கள் உயிரினும் மேலாகக் காத்தனர். அக்கொடிகளில் எப்பெயர்கள் பொறிக்கப்பட்டன? எப்பெயர்கள் பின்னாளில் விலக்கப்பட்டன? களத்திலிருந்து இறங்கிய கொடியை ஏன் பாதுகாக்க வேண்டும்? நாஞ்சில் நாட்டின் வரலாற்றோடு இணைத்து இவ்வினாக்களை இப்பாடம் ஆராய்கிறது.

குளச்சல் கரையில் ஒரு தூண்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேலைக் கடற்கரையில் அமைந்துள்ள குளச்சல், பழமையான துறைமுக ஊர். கடலை நோக்கி நிற்கும் அவ்வூரின் வெற்றித்தூண் 1741ஆம் ஆண்டுப் போரை நினைவூட்டுகிறது. மிளகு வணிகத்தில் தன் பிடி தளர்வதை விரும்பாத டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, அவ்வாண்டில் இலங்கையிலிருந்து படை அனுப்பிக் குளச்சலில் இறக்கியது. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் படை அதனைக் கரையிலேயே முற்றுகையிட்டது. டச்சுப் படை சரணடைந்தது. ஐரோப்பிய வணிகப் பேரரசு ஒன்று இந்திய அரசிடம் களத்தில் தோற்றுப் பணிந்த நிகழ்வாக வரலாற்றாசிரியர் இதனைக் குறிப்பர்.

இப்போரில் கடற்கரை மீனவர்களும் மன்னருக்குத் துணைநின்றனர் என்பது அப்பகுதி மக்களின் நம்பிக்கை. துடுப்புகளைத் தோளில் சாய்த்து அவர்கள் கரையில் வரிசையாக நின்றதாகவும், தொலைவில் கப்பலிலிருந்து பார்த்தவர்களுக்கு அவை துப்பாக்கிகளாகத் தோன்றியதாகவும் செவிவழிச் செய்தி ஒன்று வழங்குகிறது. ஆவணச் சான்றாக இதனைக் கொள்ள இயலாது. எனினும், போர் என்பது படைவீரர்க்கு மட்டும் உரியதன்று என்னும் ஊராரின் நினைவை இச்செய்தி காத்து வைத்திருக்கிறது.

சிறைப்பட்டவர்களுள் டி லனாய் என்னும் தளபதியும் ஒருவர். மன்னர் அவரைத் தண்டிக்கவில்லை. தம் படையிலேயே பணியமர்த்தினார். திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி தந்து, அதன் பெருந்தளபதியாக உயர்ந்த டி லனாயை மக்கள் 'வலிய கப்பித்தான்' என்று அழைத்தனர். 1777இல் மறைந்த அவருடைய கல்லறை, புலியூர்க்குறிச்சியை அடுத்த உதயகிரிக் கோட்டையினுள் உள்ளது. கல்லறையின் மேல் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் வெட்டப்பட்டுள்ளன. எதிரியாக வந்திறங்கியவர், வந்த மண்ணின் மொழியிலேயே நினைவுகூரப்படுகிறார்.

குளச்சலில் வென்ற திருவிதாங்கூர்ப் படையின் வழித்தோன்றல் இன்றும் உள்ளது. மெட்ராஸ் ரெஜிமெண்டின் ஒன்பதாம் பட்டாலியன் அது. 1704ஆம் ஆண்டில் பத்மநாபபுரத்தில் மன்னரின் மெய்க்காவற்படையாகத் தோன்றியதாகத் தன் தொடக்கத்தை அப்பட்டாலியன் குறிக்கிறது. விடுதலைக்குப் பின் சமத்தானப் படைகள் இந்தியத் தரைப்படையோடு இணைக்கப்பட்டபோது, 1954இல் அது மெட்ராஸ் ரெஜிமெண்டின் அங்கமாயிற்று. ஆண்டுதோறும் சூலை 31ஆம் நாளைக் 'குளச்சல் நாள்' எனக் கொண்டாடும் மரபு அதற்கு உண்டு. அன்று குளச்சல் தூணுக்குப் படைவீரர்கள் மலர்வளையம் வைத்து மரியாதை செய்கின்றனர்.

தூண் கல்லால் ஆனது. மழையும் உப்புக்காற்றும் அதனை எளிதில் அசைப்பதில்லை. ஒரு படை தன் நினைவைக் கல்லில் மட்டும் வைப்பதில்லை; கொடியிலும் வைக்கிறது. கொடியோ துணி.

முரசும் மரமும் கொடியும்

படையின் மானம் ஒரு பொருளில் தங்கியிருக்கிறது என்னும் எண்ணம் தமிழர்க்குப் புதிதன்று. சேரர்க்கு வில்லும், சோழர்க்குப் புலியும், பாண்டியர்க்குக் கயலும் கொடியில் விளங்கின. வேந்தரும் குறுநில மன்னரும் காவல்மரம் வளர்த்துப் பேணினர். பகைவர் நாட்டுள் புகுந்தால் முதலில் வெட்ட முனைவது அம்மரத்தையே. முரசைக் கவர்தலும் அத்தகையதே. முரசு இழந்த வேந்தன் அரசு இழந்தவனாகவே கருதப்பட்டான். புறத்திணை இலக்கணத்தில் கொடிநிலை என ஒரு துறையே வகுக்கப்பட்டிருக்கிறது.

கொடி போருக்கு மட்டுமே உரியதாகவும் இருந்ததில்லை. காவிரிப்பூம்பட்டினத்தில் தெய்வத்திற்கு எடுத்த கொடி, வாதிடும் அறிஞர்கள் நட்ட கொடி, கப்பலின் கொடி, கள் விற்கும் மனையின் கொடி எனப் பலவகைக் கொடிகள் நிழல் செய்தமையைப் பட்டினப்பாலை காட்டுகிறது. எழுத்தறியாதவனும் தொலைவிலிருந்தே படித்துக்கொள்ளக் கூடிய எழுத்தாகக் கொடி அன்று பயன்பட்டது. பிற்காலப் போர்க்களத்திலும் கொடியின் முதற்பயன் அதுவேயாகும்.

புகை நடுவே ஓர் அடையாளம்

பதினெட்டாம் நூற்றாண்டில் கருமருந்து இட்ட துப்பாக்கிகளே வழக்கில் இருந்தன. சில முறை ஒருசேரச் சுட்டாலே களம் முழுவதும் வெண்புகை மூடிவிடும். கட்டளை காதில் விழாது. அருகில் நிற்பவன் நம்மவனா மாற்றானா என்பதும் தெரியாது. அந்நிலையில் தலைக்கு மேலே உயர்ந்து பறக்கும் கொடி ஒன்றே வீரனுக்குத் திசைகாட்டி. கொடி முன்னேறினால் முன்னேற வேண்டும். கொடி நின்றால் நிற்க வேண்டும். அணி சிதறினால் கொடியைச் சுற்றித் திரள வேண்டும்.

இதற்காகவே கொடியை வீரர்களின் வரிசைகளுக்கு இடையே மெல்ல நடத்திச் சென்று காட்டும் வழக்கம் ஏற்பட்டது. தன் கொடியைத் தெளிந்த பகலில் கண்ணாரக் கண்டவனே புகையில் அதனை அடையாளம் காண்பான். இன்று அணிவகுப்பு மைதானங்களில் அழகிய சடங்காகக் காணப்படும் இந்நடை, உயிர் பிழைக்கும் பாடமாகவே தொடங்கியது.

பிரித்தானியக் காலாட்படைப் பிரிவு ஒவ்வொன்றும் இரண்டு கொடிகளைத் தாங்கியது. ஒன்று அரசருக்கு உரியது. மற்றொன்று அப்படைப்பிரிவுக்கே உரியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்ப் படைகளும் இவ்வழக்கையே பின்பற்றின. புதிதாகச் சேர்ந்த சிப்பாய் கொடியின் முன் நின்று உறுதிமொழி ஏற்றான். அந்நாளைய கொடிகள் ஏறத்தாழ ஆறடிச் சதுரம் இருந்தன. காற்று வீசும்போது அத்துணை பெரிய பட்டை ஒரே ஆள் தாங்கி நடப்பது எளிய செயலன்று. பின்னாளில் அளவு படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1868இல் மூன்றே முக்கால் அடி நீளமும் மூன்றடி அகலமும் என்றாயிற்று.

கொடியைத் தாங்குபவர் பெரும்பாலும் இளம் அதிகாரி. பகைவரின் முதற்குறியும் அவரே. அவர் வீழ்ந்தால் அடுத்தவர் எடுப்பார். அவரும் வீழ்ந்தால் மற்றொருவர். கொடியைப் பகைவர் கைக்கொள்வது படைக்கு நேரும் பேரிழிவு எனக் கருதப்பட்டது. 1879 சனவரி 22 அன்று தென்னாப்பிரிக்காவின் இசான்ட்லுவானாவில் சூலு மக்களின் படை பிரித்தானியப் படையை முறியடித்தது. அங்கு 24ஆம் படைப்பிரிவின் அரசிக் கொடியைக் காப்பாற்ற மெல்வில், காக்ஹில் என்னும் இரு அதிகாரிகள் ஆற்றைக் கடக்க முயன்றனர். வெள்ளத்தில் கொடி நழுவியது, இருவரும் கொல்லப்பட்டனர். சில நாள்களுக்குப் பின் அக்கொடி ஆற்றிலிருந்து மீட்கப்பட்டது. இன்று அது வேல்சு நாட்டின் பிரெக்கன் பேராலயத்தில் உள்ளது. அடுத்த ஈராண்டுகளில், 1881இல் அதே தென்னாப்பிரிக்காவின் லெயிங்ஸ் நெக்கில் நடந்த போரே பிரித்தானியப் படைப்பிரிவொன்று கொடியேந்திக் களம்புகுந்த இறுதிப் போர். நெடுந்தொலைவு பாயும் துப்பாக்கிகள் வந்தபின், உயர்த்திய கொடி தன் வீரரையே காட்டிக்கொடுப்பதாயிற்று. அதன்பின் கொடி களத்தைவிட்டு அணிவகுப்பு மைதானத்திற்கு வந்தது.

தெரிந்து தெளிவோம்
படைக்கொடியை இந்தியத் தரைப்படையில் 'நிஷான்' என்று வழங்குவர். மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ளது. 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு' என்பது அதன் போர் முழக்கம்.

ஆரல்வாய்மொழியில் எதிரெதிரே

மெட்ராஸ் ரெஜிமெண்ட் தன் தோற்றத்தை 1758ஆம் ஆண்டிலிருந்து கணக்கிடுகிறது. பிரெஞ்சுக்காரருடன் போட்டியிட்ட காலத்தில் கம்பெனி உருவாக்கிய சிப்பாய்ப் பட்டாலியன்களே அதன் முன்னோடிகள். அதே ரெஜிமெண்டில்தான் குளச்சலில் வென்ற திருவிதாங்கூர்ப் படையின் வழியும் வந்து சேர்ந்திருக்கிறது. இன்று ஒரே பெயரின்கீழ் நிற்கும் இவ்விரு மரபுகளும் ஒருகாலத்தில் எதிரெதிரே நின்று போரிட்டவை. அதற்குக் களமானது நாஞ்சில் நாட்டின் கிழக்கு வாயிலான ஆரல்வாய்மொழி.

தற்போதைய கன்னியாகுமரி மாவட்டத்தின் தலக்குளத்தில் பிறந்தவர் வேலுத்தம்பி. திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய அவர், கம்பெனியின் மேலாதிக்கத்தை எதிர்த்து 1809 சனவரியில் குண்டறையிலிருந்து அறைகூவல் விடுத்தார். அடுத்த மாதமே கர்னல் செயின்ட் லெஜர் தலைமையில் கம்பெனிப் படை திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, மலைகளுக்கு இடையே அமைந்திருந்த ஆரல்வாய்மொழிக் கோட்டை அரண்களைத் தாக்கிக் கைப்பற்றியது. அவ்வழியே புகுந்த காற்றுக்குப் பெயர்பெற்ற கணவாய் அன்று பீரங்கிப் புகையால் நிறைந்தது. உதயகிரியும் பத்மநாபபுரமும் அடுத்தடுத்து வீழ்ந்தன. மண்ணடியில் வேலுத்தம்பியின் வாழ்வு முடிந்தது. திருவிதாங்கூர்ப் படையின் பெரும்பகுதி கலைக்கப்பட்டது. பின்னர்ச் சிறிய அளவில் மீண்டும் அமைக்கப்பட்ட அப்படை, 1830இல் நாயர் பிரிகேடு எனப் பெயர் பெற்றது.

கம்பெனியின் கொடியின்கீழ் ஆரல்வாய்மொழிக்கு வந்த சிப்பாய்களும் தென்னாட்டு மண்ணில் பிறந்தவர்களே. வந்தவர்க்கும் காத்தவர்க்கும் இடையே பகை இருந்ததற்குச் சான்றில்லை. ஒருபுறம் மாதச் சம்பளமும் கொடியின்மேல் இட்ட உறுதிமொழியும். மறுபுறம் மன்னரும் மண்ணும். அவ்வளவே.

இதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1806 சூலை 10 அன்று, வேலூர்க் கோட்டையில் அதே சென்னைப் படையின் சிப்பாய்கள் கம்பெனியை எதிர்த்து எழுந்ததையும் இங்கு நினைத்தல் தகும். தலைப்பாகை, திருநீறு, தாடி ஆகியவற்றில் கைவைத்த புதிய விதிகள் அவர்களைக் கொதிக்கச் செய்தன. கோட்டைக் கொடிமரத்தில் அவர்கள் ஏற்றியது மைசூர்ச் சுல்தானின் கொடி. ஒரு நாள்கூட அது நிலைத்துப் பறக்கவில்லை. எழுச்சி அடக்கப்பட்டபின், அதில் ஈடுபட்ட 1ஆம், 23ஆம் படைப்பிரிவுகளின் எண்கள் படைப்பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டன. படைப்பிரிவின் எண் நீங்கினால் அதன் கொடிக்கும் இடமில்லை.

ஏறும் பெயர், இறங்கும் பெயர்

படைப்பிரிவு சிறந்து போரிட்ட களத்தின் பெயரை அதன் கொடியில் பொறிக்கும் உரிமையைப் 'போர்ச்சிறப்பு' என்பர். பழைய கொடியொன்றை விரித்தால் நடுவில் சின்னமும், சுற்றிலும் ஊர்ப்பெயர்களும் தையலில் ஒளிர்வதைக் காணலாம். அவை ஒரு படையின் வரலாற்றுச் சுருக்கம். ஆனால் வென்றவர் எழுதிய சுருக்கம்.

சென்னைப் படையின் பழைய பட்டியலில் ஸ்ரீரங்கப்பட்டணம் உண்டு. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த இடம் அது. அசாயே உண்டு, இன்றைய மராட்டிய மாநிலத்துச் சிற்றூர் அது. 1803 செப்டம்பர் 23 அன்று ஆர்தர் வெல்லெஸ்லி அங்கு மராத்தியப் படையை எதிர்கொண்டார். கம்பெனித் தரப்பில் மட்டும் ஏறத்தாழ 1600 பேர் இறந்தோ காயமுற்றோ வீழ்ந்தனர். அப்போரில் பங்கேற்ற சென்னைச் சிப்பாய்ப் படைகளுக்கு 'அசாயே' என்னும் சொல்லும் யானைச் சின்னமும் சிறப்பாக வழங்கப்பட்டன. ஆரல்வாய்மொழியின் பெயரோ இப்பட்டியலில் இடம்பெறவில்லை. கணவாய்க்கு வெளியே அதனை நினைத்தவர் குறைவு.

1947க்குப் பின் இப்பெயர்கள் ஒரு சிக்கலை எழுப்பின. விடுதலை பெற்ற நாட்டின் வீரன், தன் நாட்டு அரசரையும் மக்களையும் அயலாருக்காக வென்ற களத்தின் பெயரைத் தன் கொடியில் தாங்கலாமா? தாங்கலாகாது என்பதே முடிவாயிற்று. அத்தகைய போர்ச்சிறப்புகள் ஏற்கத்தகாதவை எனப் பிரிக்கப்பட்டன. ஸ்ரீரங்கப்பட்டணமும் அசாயேயும் அவ்வாறு விலக்கப்பட்டவையே. அயல்மண்ணில் இரு உலகப் போர்களில் பெற்ற சிறப்புகள் தொடர்ந்தன.

1950 சனவரி 26 அன்று இந்தியா குடியரசாயிற்று. அரசரின் முடிச்சின்னம் தாங்கிய கொடிகளுக்கு இனி இடமில்லை. எனினும் அவை எரிக்கப்படவில்லை, கிழிக்கப்படவுமில்லை. அவ்வாண்டு நவம்பர் 23 அன்று டேராடூனில் உள்ள இந்திய இராணுவக் கழகத்தின் செட்வுட் மண்டபத்தில் உரிய மரியாதையோடு அவை ஓய்வுக்கு வைக்கப்பட்டன. குடியரசுத் தலைவரின் கொடிகள் அவற்றின் இடத்தைப் பெற்றன. அயலாட்சியின் அடையாளத்தைக் கண்மறைவாக அழித்துவிடுவது எளிது. அதன்கீழ் நின்று மடிந்தவர்கள் நம்மவர்கள் என்பதை எண்ணியே புதிய குடியரசு இவ்வழியைத் தேர்ந்தது எனலாம்.

இதில் ஒரு முரணும் உண்டு. அசாயே என்னும் பெயர் விலக்கப்பட்டாலும், அதற்காக வழங்கப்பட்ட யானை மெட்ராஸ் ரெஜிமெண்டின் சின்னத்தில் இன்றும் நிற்கிறது. கேடயத்தின்மேல் யானை, குறுக்காக இரு வாள்கள். அதனை அணியும் இளம் வீரர்களுள் எத்தனைபேர் அந்த யானையின் ஊரை அறிவர்? சின்னம் தன் பிறப்பை மறந்து புதுப்பொருள் பெறுவது இயல்பே; ஆனால் பிறப்பை அறிய விரும்புவோர் பழைய கொடியிடமே செல்லவேண்டும். நடமாடும் கொடி இன்று ஏற்கத்தக்கவற்றை மட்டும் சுமக்கிறது. ஓய்ந்த கொடியோ, இன்று ஏற்கத்தகாதவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறது. அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படும் படைக்கொடியின் மதிப்பு இதில்தான் உள்ளது.

நடுகல்லோடு ஒப்பிட்டால் கொடியின் மற்றொரு குறையும் புலப்படும். நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் படிநிலைகளாக வகுத்துரைக்கிறது. செங்கம் பகுதியில் கிடைத்துள்ள வட்டெழுத்து நடுகற்கள் மன்னனின் ஆட்சியாண்டையும், வீழ்ந்தவனின் பெயரையும், அவன் எதற்காக வீழ்ந்தான் என்பதையும் கூறுகின்றன. ஆநிரை மீட்டு இறந்த எளிய வீரனின் பெயர்கூட ஆயிரம் ஆண்டு கடந்தும் படிக்கக் கிடைக்கிறது. கொடியிலோ ஊர்ப்பெயர் உண்டு, ஆட்பெயர் இல்லை. அசாயேயில் வீழ்ந்த சிப்பாய் எவ்வூரான் என்பதைப் பட்டு நமக்குச் சொல்வதில்லை.

பட்டின் ஆயுள்

கொடியைப் பாதுகாக்க வேண்டும் என்று முடிவு செய்வதற்கும் பாதுகாப்பதற்கும் இடையே நெடிய தொலைவு உண்டு. பட்டு உயிர்ப்பொருளிலிருந்து வந்த இழை. ஒளி பட்டால் அது வலுவிழக்கும். வெப்பம் அதனை விரைவுபடுத்தும். ஈரம் மிகுந்தால் பூஞ்சை படரும். ஈரம் குறைந்தால் இழை முறியும். ஒளியால் நேர்ந்த சேதத்தை எவராலும் திருப்ப இயலாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பட்டுக்கு எடையும் மொடமொடப்பும் கூட்ட உலோக உப்புகளை ஏற்றும் வழக்கம் வந்தது. அவ்வாறு எடையேற்றிய பட்டு பிற்காலத்தில் தானாகவே கீறல் கீறலாகப் பிளந்து உதிர்கிறது. அதைவிடப் பழைய பட்டு நன்றாயிருக்க, புதியது பொடியாவதன் காரணம் இதுவே.

கொடியில் வேறொரு இடரும் உண்டு. தங்கச் சரிகையும் கனத்த பூந்தையலும் மெல்லிய பட்டின் நடுவே அமர்ந்திருக்கும். கம்பில் தொங்கவிட்டால், அவற்றின் எடையே துணியைக் கிழிக்கும். இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற கொடிகளைத் தேவாலயத்தில் தொங்கவிட்டு, அவை தாமாகவே உதிர்ந்து மறையும்படி விட்டுவிடும் மரபு நெடுங்காலம் இருந்தது. வீரன் மண்ணாவதுபோல் கொடியும் மண்ணாகட்டும் என்பது அதன் கருத்து. உருக்கமான மரபுதான், ஆனால் வரலாற்று மாணவருக்கு அதனால் எஞ்சுவது வெறுங்கம்பே.

காப்போர் செய்த பிழைகளும் உண்டு. 1814இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து மெக்கென்றி கோட்டையில் பறந்த கொடி அந்நாட்டின் புகழ்பெற்ற அருங்காட்சியகப் பொருள். முதலில் அது 42 அடி நீளமும் 30 அடி அகலமும் கொண்டிருந்தது. அதனை வைத்திருந்த குடும்பத்தினர் வேண்டியவர்க்கெல்லாம் நினைவுப்பொருளாகத் துண்டு வெட்டித் தந்தனர். விண்மீன் ஒன்றுகூட அவ்வாறு போய்விட்டது. 1914இல் அமீலியா ஃபவுலர் என்னும் தையற்கலைஞர் தம் குழுவினரோடு அதற்கு லினன் துணியால் முதுகு தைத்தார். ஏறத்தாழ 17 இலட்சம் தையல்கள் போடப்பட்டன. அக்காலத்தில் அது சிறந்த முறை. ஆனால் காலப்போக்கில் அந்த லினனே பழைய கம்பளி இழையை இழுத்து வருத்தத் தொடங்கியது. 1998இல் தொடங்கிய பணியில் அத்தையல்களை ஒவ்வொன்றாக வெட்டி நீக்க வேண்டியதாயிற்று. இன்று செய்வது எதுவாயினும் நாளை அதனை அகற்றக்கூடியதாக இருக்கவேண்டும் என்பதைப் பாதுகாப்புக் கலைஞர்கள் முதல் விதியாகக் கொள்கின்றனர்.

ஆகவே தற்கால முறையில் கொடியைத் தொங்கவிடுவதில்லை. சாய்வான அல்லது தட்டையான தளத்தில் விரித்து வைக்கின்றனர். அமிலமற்ற தாளும் துணியும் மட்டுமே அதனைத் தொடலாம். ஈரப்பதம் ஐம்பது விழுக்காட்டை ஒட்டி ஏறியிறங்காமல் காக்கப்படுகிறது. துணிகளுக்கு ஒளி 50 லக்ஸ் அளவைத் தாண்டலாகாது என்பது பொதுவிதி; வகுப்பறைக்குத் தேவைப்படும் ஒளியைவிட அது மிகக் குறைவு. அருங்காட்சியக அறை ஏன் இருண்டிருக்கிறது என்று குறைபட்டுக்கொள்ளும் பார்வையாளர்கள், அவ்விருட்டினால்தான் தாம் காணவந்த பொருள் இன்னும் இருக்கிறது என்பதை உணர்வதில்லை. உப்புக்காற்றும் இரு பருவமழையும் வாய்த்த கன்னியாகுமரி போன்ற கடற்கரை மாவட்டத்தில் இப்பணி மேலும் கடினம்.

கோட்டையில் ஒரு மூவண்ணக் கொடி

தமிழ்நாட்டில் இத்தகைய பாதுகாப்பைக் கண்கூடாகக் காண விரும்புவோர் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குச் செல்லலாம். குளச்சலில் டச்சுக்காரர் பணிந்தபோதே கம்பெனியின் தென்னகத் தலைமையிடமாக அக்கோட்டை விளங்கியது. ஸ்ரீரங்கப்பட்டணத்திற்கும் அசாயேக்கும் ஆரல்வாய்மொழிக்கும் சென்ற சென்னைப் படை அக்கோட்டையின் ஆணைக்கு உட்பட்டதே. 1795இல் கட்டி முடிக்கப்பட்ட மாளிகையொன்று அங்கு அருங்காட்சியகமாக 1948 முதல் இயங்குகிறது. பழைய படைக்கலங்களும் சீருடைகளும் பதக்கங்களும் அதில் உள்ளன.

அவற்றுக்கு இடையே, எந்தப் படைப்பிரிவுக்கும் உரியதல்லாத ஒரு கொடியும் இருக்கிறது. 1947 ஆகத்து 15 அன்று அதிகாலை 5.05 மணிக்கு அக்கோட்டையின் கொடிமரத்தில் ஏற்றப்பட்ட மூவண்ணக் கொடி அது. தூய பட்டால் ஆனது. 12 அடி நீளமும் 8 அடி அகலமும் உடையது. 2013ஆம் ஆண்டுக் குடியரசு நாளிலிருந்து பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது. காற்றுப்புகாத கண்ணாடிப் பேழைக்குள், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் சூழ, மங்கலான ஒளியில் அது விரிந்திருக்கிறது.

கோட்டையின் கொடிமரத்தில் நூற்றாண்டுகளாகப் பறந்த அயலார் கொடி இறங்கியபோது, நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் பகுதியாக இருந்தது. அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகி, அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1 அன்றுதான். அதற்கு ஈராண்டுகளுக்கு முன்பே குளச்சல் மரபின் பட்டாலியன் மெட்ராஸ் ரெஜிமெண்டுக்குள் வந்துவிட்டது. நாட்டின் எல்லைக்கு முன் படையின் எல்லை மாறியது.

கண்ணாடிப் பேழையின் அருகே நெடுநேரம் நிற்பவர்கள் சில நிமிடங்களில் கண் மங்கலுக்குப் பழகுவதை உணரலாம். முதலில் சாம்பலாகத் தெரிந்த துணியில் மெல்ல மெல்ல மூன்று நிறங்களும் பிரிந்து தோன்றும். மாலையில் அருங்காட்சியகக் கதவு அடைக்கப்படும்போது அம்மங்கலும் அணையும். மறுநாள் காலைவரை பட்டுக்கு ஓய்வு.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரிலோ அருகிலோ உள்ள நடுகல், போர் நினைவுத்தூண், கோட்டை ஆகியவற்றுள் ஒன்றை நேரில் கண்டு, அதில் இடம்பெற்ற பெயர்களையும் இடம்பெறாத பெயர்களையும் குறித்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. 'விலக்கப்பட்ட போர்ச்சிறப்பின் யானை, சின்னத்தில் தொடரலாமா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. உங்கள் வீட்டில் உள்ள பழைய பட்டு, ஓலைச்சுவடி, ஒளிப்படம் ஆகியவற்றுள் ஒன்று எவ்வாறு வைக்கப்பட்டுள்ளது என்பதைக் கவனித்து, பாடத்தில் கூறப்பட்ட முறைகளோடு ஒப்பிட்டுரைக்க.